கையில் வாங்கு என்றாள் தவநாயகி

லண்டன் ஹவுன்ஸ்லோவில் தவநாயகியைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. விமானத்தில் ஏறாதவர்கள் ஒரு வகை. ஏறினாலும் கைப்பையில் ஊறுகாய் கொண்டுபோகாதவர்கள் மற்ற வகை. மிச்சப் பேர் எல்லோருக்கும் அவளைத் தெரியும். இருபத்தொரு வருஷமாக விமான நிலையத்துப் பாதுகாப்புச் சோதனையில், தட்டுகள் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். அவள் பறித்துப் போட்ட மாங்காய் ஊறுகாய்ப் போத்தல்களை வரிசையாக அடுக்கினால் ஹவுன்ஸ்லோவிலிருந்து தெற்கு லண்டன் மோர்டன் வரைக்கும் போகும். போய்த் திரும்பியும் வரும்.

ஆள் நாலடி பத்து அங்குலம். குரல் மட்டும் ஏழடி. "ட்ரேயிலை வையுங்கோ! சப்பாத்தும் ட்ரேயிலை! பெல்ட்டும் ட்ரேயிலை!" இதை ஆங்கிலத்தில்தான் சொல்லுவாள் என்றாலும், கேட்கிற தமிழருக்கு அப்படித்தான் கேட்கும். சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த ஏதோ ஒரு நாட்டு மந்திரி, அவள் இரண்டாம் முறை சொன்னதும் சப்பாத்தோடு சேர்த்துப் பொய்ப்பல்லையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டாராம். அந்த ஆள் விமானம் ஏறிய பிறகுதான் பல் மறந்துபோனது தெரியவந்ததாம். நம்பாதவர்கள் அவளுடன் வேலை செய்யும் கிளறிற்றாவைக் கேட்கலாம். பல்லைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினவள் அவள்தான்.

இருபத்தொரு வருஷத்தில் பயணிகள் விட்டுப்போன ஒரு ஊசிகூட அவள் கைப்பையில் வீட்டுக்கு வந்ததில்லை. ஒரே ஒரு பொருள் வந்தது. அந்த ஒன்றுதான் மூன்று வருஷம் அந்த வீட்டைப் படாதபாடு படுத்தியது.

நடந்தது ஒரு கார்த்திகை மாதக் காலையில். நீண்ட வரிசை. ஒரு ஜப்பானிய அம்மா வந்தார், எழுபது வயதிருக்கும், சாம்பல் நிறக் கோட்டு. சப்பாத்தைச் சொல்லாமலே கழற்றி, சோடியாகத் திருப்பி, தட்டில் அழகாக வைத்தவர். தவநாயகிக்கு அவரைப் பிடித்துக்கூடப் போயிற்று. ஆனால் அவருடைய கைப்பை வாரில் சின்னதாக ஒரு சிவப்புப் பட்டுப் பை தொங்கியது. தீப்பெட்டி அளவு. வெள்ளைக் கயிற்றால் வாய்கட்டி, முன்பக்கத்தில் பொன்னூலில் ஏதோ எழுத்து. எக்ஸ் கதிர்ப் படத்தில் அதற்குள் கட்டையாக ஒன்று தெரிந்தது. தவநாயகி பையை வாரிலிருந்து கழற்றி, கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, இரண்டு விரலை உள்ளே விட்டாள். மெல்லிய மரச் சீவல் ஒன்று, வெள்ளைத் தாளில் சுற்றியபடி. அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

ஒரு சொல் பேசவில்லை. ஒருமுறை குனிந்து வணங்கினார், தவநாயகிக்கா பைக்கா என்று தெரியாது. கோட்டை எடுத்தார், குடையை எடுத்தார், கைப்பையை எடுத்தார். சிவப்புப் பையை மட்டும் தட்டிலேயே விட்டுவிட்டு நடந்தார். "மேடம்! மேடம்!" என்று தவநாயகி கத்தினாள். அவர் திரும்பி, இரண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டி, இன்னொருமுறை குனிந்துவிட்டுப் போயே விட்டார்.

வேறு யாருக்கும் இது ஒரு மறதி, அல்லது ஒரு அவசரம். தவநாயகிக்கு அது வேறு.

அவளுடைய அப்பா மேசன். ஊரில் பெரிய கோயிலின் வெளிமதிலைக் கட்டினவர். கட்டினவர் மதிலுக்கு உள்ளே போனதில்லை, போக விட்டதில்லை. திருவிழா முடிந்த அடுத்த நாள் ஒருவர் வாழையிலைத் துண்டில் திருநீறும் வடையும் கொண்டுவந்து, மதிலோரம் நிலத்தில் வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய் நிற்பார். அதற்குப் பிறகுதான் அப்பா குனிந்து எடுக்கலாம். கோயில் எல்லோருக்கும் பொது என்று சட்டம் வந்து கனகாலம். பேப்பரிலும் அச்சடித்திருந்தார்கள். பேப்பர் பேப்பராக இருந்தது. இலை நிலத்திலே இருந்தது. ஆறு வயதுத் தவநாயகி அப்பா உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தவள்.

அதனால், தான் தொட்ட பொருளை ஒருத்தி தொடாமல் விட்டுப் போனால் அதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அன்று இடைவேளையில், தவறிய பொருட்கள் பெட்டிக்குப் போகவேண்டிய அந்தப் பை அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் போனது. கிளறிற்றா கண்டுவிட்டாள். கிளறிற்றா பிரான்சில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் ஷிப்டுக்கு வரமாட்டாள்.

"என்னக்கா இது? நீங்களோ எடுக்கிறீங்கள்?"

"எடுக்கேல்லை. வைச்சிருக்கிறன். ஒருநாளைக்குத் திருப்பிக் குடுக்க."

"அந்த மனுசி பிளேனுக்கு லேட்டாகி ஓடினதக்கா."

"லேட்டானவள் ரெண்டுதரம் குனிஞ்சு கும்பிடுவாளோடி? நான் கையுறை போட்டிருந்தனான், பாத்தனியெல்லே? கையுறைக்கு மேலாலையும் தீட்டாம்!"

"ஐயோ அக்கா, ஜப்பான்காரருக்கு உங்கட அப்பான்ரை மதில் தெரியுமோ?"

"கண்டறியாத கதை. மதில் இல்லாத ஊர் எங்கையடி இருக்கு?"

வீட்டில் இன்னொரு சிக்கல். அந்தப் பையை எங்கே வைப்பது? சாமியறையில் வைக்க மனம் வரவில்லை, பிறத்தியாருடைய சாமி. குப்பையில் போடவும் மனம் வரவில்லை, பிறத்தியாருடையது என்றாலும் சாமி. இரண்டுக்கும் நடுவில் பிரிட்ஜின் தலையில், சோறு அவிக்கும் மின்சட்டியின் விளக்கப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிரிட்ஜைத் திறந்தால் சூடுதான் வரும். பால் எடுக்கப் போனவள் பாலை மறந்து, "கும்பிட்டுக்கொண்டெல்லே அவமானப்படுத்திப் போட்டுப் போனவ!" என்று தொடங்குவாள். கணவர் சுபாஸ்கரன் பஸ் ஓட்டுநர். முப்பது வருஷம் லண்டன் வீதியில் பொறுமை பழகியவர். அவரே கடைசியில் பால் இல்லாத தேநீருக்கு மாறிவிட்டார்.

மகள் ஓவியா ஒருநாள் பொன்னூல் எழுத்தைப் போனில் படமெடுத்துப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, இது ஜப்பானிலை ஷின்டோ கோயில் ஒண்டின்ரை காவல் பை. ஆயிரம் வருஷத்துக்கு மேலை பழைய கோயிலாம், தெற்கிலை ஒரு தீவிலை. இதைத் திறக்கவே கூடாதாம். ஓப்பின் பண்ணினா பவர் போயிடுமாம். அதுதான் அந்த லேடி விட்டுட்டுப் போயிருப்பா. சிம்பிள்."

"ஆர் சொன்னது?"

"இன்டர்நெட்டிலை இருக்கு, அம்மா."

"எழுத்திலை எல்லாம் இருக்கும். எங்கட கோயில் எல்லாருக்கும் பொதுவெண்டும் எழுத்திலை இருந்தது. எழுதினது வேறை, வாசலிலை நடக்கிறது வேறை. வாசலிலை போய் நிண்டு பாத்தால்தான் தெரியும்."

அவள் அப்படித்தான். லண்டனுக்கு வந்த புதிதில், கோயிலில் ஐயர் திருநீறு போடும்போது ஆளாளுக்கு எத்தனை அங்குல உயரத்திலிருந்து போடுகிறார் என்று எட்டு வெள்ளிக்கிழமை கண்ணால் அளந்தவள். எல்லோருக்கும் ஒரே உயரம் என்று தெரிந்த பிறகுதான் ஒன்பதாம் வெள்ளிக்கிழமை கையை நீட்டினாள்.

அறுபதாவது பிறந்தநாள் வந்தது. எங்கே போக விருப்பம், பாரிசா சுவிசா என்று ஓவியா கேட்டாள்.

"ஜப்பான்," என்றாள் தவநாயகி.

"ஆர் யூ சீரியஸ்?"

"அந்தக் கோயிலிலை போய் இதை என்ரை கையாலை நீட்டப் போறன். கையிலை வாங்கினால் சரி, நான் பிழையா நினைச்சிட்டன், சோலி முடிஞ்சுது. நிலத்திலை வையெண்டு சொன்னால்..."

"சொன்னால்?" என்றார் சுபாஸ்கரன் பயத்தோடு.

"சொன்னால் அவையின்ரை சாமியோடை நான் நேரை கதைக்கிறன்."

சுபாஸ்கரனும் கூடப் போனார். சாமிக்குத் துணை வேண்டுமே.

ஜப்பானில் இறங்கிய முதல் மணித்தியாலத்திலேயே தவநாயகிக்கு இரத்தம் தலைக்கேறிவிட்டது. தண்ணீர்ப் போத்தல் வாங்கக் காசை நீட்டினாள். கடைக்காரப் பெண் புன்சிரிப்போடு ஒரு சின்னத் தட்டை முன்னே தள்ளினாள், அதில் வை என்று. ரயில் டிக்கெட் வாங்கப் போனால் அங்கேயும் தட்டு. நூடில்ஸ் கடையில் தட்டு. ஹோட்டல்காரர் கடன் அட்டையைக்கூடத் தட்டில்தான் வாங்கினார். கையில் வாங்க ஒருவர் இல்லை.

"பாத்தியளோ? பாத்தியளோ? ஊரே சேந்து செய்யுது!"

"எனக்கும் தட்டுத்தானே தந்தவை, தவம்."

"என்னோடை வந்ததாலை உங்களுக்கும் சேத்து!"

"அங்கை பாரும், அந்த வெள்ளைக்காரனுக்கும் தட்டு. அவன் ஆரோடை வந்தவன்?"

வெள்ளைக்காரனும் ஏதாவது செய்திருப்பான் என்று முணுமுணுத்தாள்.

மூன்றாம் நாள் கோயிலுக்குப் போனார்கள். அந்தக் கோயிலின் பெயர் தவநாயகியின் வாயில் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு விதமாக வரும். அதனால் பெயரை விட்டுவிடுவோம். மலையடிவாரம். இருநூற்றுப் பன்னிரண்டு கற்படி. அடியில், கதவில்லாத வாசலாக இரண்டு தூணும் மேலே குறுக்கே இரண்டு மரமும், நிறம் போய்ப் பாசி ஏறி நின்றன. எல்லோரும் அதற்கு முன்னால் நின்று தலைகுனிந்துவிட்டு ஓரமாக நடந்தார்கள். நடு வழி சாமி நடக்கிறதாம். தவநாயகி வேண்டுமென்றே நடுவால் நடந்தாள்.

"அங்காலை வாரும், தவம்."

"அவர் வந்தால் நான் விலத்துறன்."

மேலே ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்த் தொட்டி. மூங்கில் அகப்பையால் அள்ளி இடது கை, வலது கை, வாய் என்று கழுவுகிறார்கள். தவநாயகி ஒரு மூலையில் நின்று பழைய வழக்கப்படி அளக்கத் தொடங்கினாள். யார் யார் கழுவுகிறார்கள்? பள்ளிப் பிள்ளைகள் கழுவினார்கள். கோட்டுச் சூட்டுப் போட்டவர் கழுவினார். ஊன்றுகோலோடு ஒரு கிழவர் கழுவினார். கோயிலில் வேலை செய்கிறவர் ஒருவர் அந்த வழியால் போனார், அவரும் நின்று கழுவினார். அவளுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆறாயிரம் மைல் சுமந்துவந்த கோபத்துக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

தொட்டிக்கு அப்பால் ஒரு மரம். அதைக் கட்டிப்பிடிக்க பதினைந்து பேர் வேண்டும். தவநாயகி அளவு ஆளென்றால் இருபது பேர். இடுப்பில் வைக்கோல் வடம், வடத்தில் வெள்ளைத் தாள்கள் மடித்து மடித்துத் தொங்கின. சுபாஸ்கரன் கீழே கிடந்த இலையொன்றைக் கசக்கி மூக்கில் வைத்துவிட்டு, "தவம், இஞ்சை, கற்பூரம்!" என்றார். உண்மைதான், கற்பூர மரம். அவள் மணந்து பார்த்தாள். இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றதை அன்றுதான் கண்டதாகச் சுபாஸ்கரன் இன்றைக்கும் சொல்லுவார். பிறகு, "சரி, வாங்கோ," என்று கவுண்டரை நோக்கி நடந்தாள்.

காவல் பைகள் கொடுக்கும் இடம் ஒரு மர ஜன்னல். உள்ளே வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பாவாடையுமாக ஒரு பெண், ஓவியாவை விட இளையவள். தவநாயகியின் முறை வந்தது. கைப்பையிலிருந்து சிவப்புப் பட்டுப் பையை எடுத்து, கையை நேராக நீட்டினாள்.

அந்தப் பெண் தலைகுனிந்தாள். புன்சிரித்தாள். கறுப்பாக மினுங்கும் ஒரு சின்னத் தட்டை ஜன்னல் விளிம்புக்குத் தள்ளினாள்.

"நோ ட்ரே," என்றாள் தவநாயகி. "ஹாண்ட்."

பெண் விளங்காமல் பார்த்தாள். பிறகு அவிழ்ந்து கிடந்த கயிற்றைக் கண்டாள். அவளுடைய முகம் மாறியது.

"பாத்தியளோ முகத்தை! அதே முகம்! அண்டைக்கு அந்த மனுசி வைச்ச அதே முகம்!" ஏழடிக் குரல் கோயில் கூரையில் மோதியது. புறாக்கள் பறந்தன. அடுத்த மலையிலிருந்த புறாக்களும் பறந்தன என்று கேள்வி. "கையிலை வாங்கு பிள்ளை! இது என்ரை கை! இதிலை ஒண்டும் ஒட்டியிருக்கேல்லை! வாங்கு!"

பின்னால் இருபது பேர் வரிசை. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அதுவும் அவளுக்குக் கோபம்தான். லண்டன் என்றால் இதற்குள் நாலு பேராவது சண்டைக்கு வந்திருப்பார்கள்.

பெண் உள்ளே ஓடிப்போய் ஒருவரைக் கூட்டிவந்தாள். வெள்ளை மேலங்கியும் வெளிர்நீலக் கால்சட்டையும் போட்ட முதிய பூசகர், மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறி இருந்தது. கோயில் வேலை போக மிச்ச நேரத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவராம். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்.

"இதைத் திறந்தது யார்?"

"நான். மூண்டு வருஷத்துக்கு முந்தி, லண்டனிலை, ஏர்போட்டிலை. என்ரை வேலை அது. கையுறை போட்டிருந்தனான்."

"கையுறையா? கையுறை எதற்கு?"

"நான் தொட்டதாலைதானே அந்த மனுசி விட்டுட்டுப் போனவ?"

அவருக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அப்போதுதான் தவநாயகி அதைச் சொன்னாள்: மதில், அப்பா, இலை, நிலம், நாலடி பின்னால் நின்ற மனிதர். உடைந்த ஆங்கிலத்தில், ஒரு வெளிநாட்டுக் கோயிலின் ஜன்னலில், முன்பின் தெரியாத இருபது பேர் முன்னிலையில். முப்பத்திமூன்று வருஷம் கூட வாழ்ந்த சுபாஸ்கரனுக்கு மதில் தெரியும். இலை தெரியாது. அவர் வரிசையிலிருந்து விலகி வந்து அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பூசகர் அவள் கையிலிருந்த பையின் அவிழ்ந்த கயிற்றைப் பார்த்தார்.

"திறந்தால் முடிந்தது," என்றார் பிறகு. "நான் திறந்தாலும் முடிந்தது. தைத்தவர் திறந்தாலும் முடிந்தது. தொடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பையில் தொங்குகிறது, ரயிலில் நூறு பேர் உரசுகிறார்கள். தொடாமல் எப்படி?"

"அப்ப இந்தத் தட்டு?"

"எல்லோருக்கும் தட்டுத்தான். தவறி விழாமல், அவசரப்படாமல் கைமாற. அது எங்கள் மரியாதை."

"மரியாதை!" என்றாள் தவநாயகி. "தட்டைத் தள்ளுறது மரியாதையோ? ஒரு மனுசரை..."

பின்னாலிருந்து சுபாஸ்கரன் மெதுவாகச் சொன்னார்: "தவம், நீர் இருபத்தொரு வருஷமா ஆக்களிட்டை என்னத்தைத் தள்ளினனீர்?"

"நீங்கள் வாயை மூடுங்கோ!"

அவர் மூடிக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். ட்ரேயிலை வையுங்கோ, ட்ரேயிலை வையுங்கோ. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் என்றால் வருஷத்துக்கு எத்தனை பேர்? அத்தனை பேரில் எத்தனை பேர் அவளுடைய நீலக் கையுறையைப் பார்த்து, இவள் ஏன் என் பொருளைக் கையால் வாங்கவில்லை என்று எண்ணிக்கொண்டு போனார்களோ? எந்தெந்த ஊரில், எந்தெந்த வீட்டுப் பிரிட்ஜின் தலையில், அவள் பேரில் என்னென்ன சூடு ஏறிக் கிடக்கிறதோ? அவளுக்குத் தன் மேலேயே வந்த கோபத்தில் காது சிவந்தது.

பூசகர் இன்னும் முடிக்கவில்லை. "எங்கள் நாட்டிலும் ஆட்களை ஒதுக்கி வைத்தார்கள். அவர்கள் இருந்த தெருவே வேறு. அது முற்றாகப் போய்விட்டது என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பையின் கதை அது இல்லை."

"உங்கையுமோ?" தவநாயகி ஜன்னலுக்குள் தலையை விட்டாள். "ஆர் அவையள்? எந்தத் தெரு?" இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவர்களுக்காகவும் அன்றைக்கே ஒரு சண்டையைத் தொடங்கியிருப்பாள்.

பூசகர் தட்டை ஓரமாக ஒதுக்கினார். இரண்டு கையையும் சேர்த்து, உள்ளங்கை மேலே தெரிய, ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

தவநாயகி பார்த்தாள். எத்தனை அங்குலம் என்று பார்க்கவில்லை. பையை அந்தக் கைகளில் வைத்தாள். வைக்கும்போது அவளுடைய விரல்கள் அவருடைய உள்ளங்கையில் முழுதாகப் பட்டன. அவர் கையை இழுக்கவில்லை. பையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தித் தலைகுனிந்தார்.

"அந்த அம்மாவுக்கு ஒண்டும் ஆகியிருக்காதே?" மூன்று வருஷமாகக் கோபத்துக்குக் கீழே கிடந்த கேள்வி அது.

"இது அவரைப் பத்திரமாக லண்டன் வரை கொண்டுபோயிருக்கிறது அல்லவா? வேலையை முடித்துவிட்டது. வருஷ முடிவில் மற்றவற்றோடு சேர்த்து, நன்றி சொல்லி எரிப்போம்."

இறங்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டு படிக்கும் படிக்கொரு திட்டு விழுந்தது. "இதைச் சொல்ல அந்த மனுசிக்கு ஒரு வாய் இல்லையோ? திறவாதை பிள்ளை எண்டு ஒரு சொல்! ஒரே ஒரு சொல்! மூண்டு வருஷம் என்னைத் தின்னவிட்டிட்டு..." சுபாஸ்கரன் படிகளை எண்ணிக்கொண்டு வந்தார். நூற்று நாற்பதாவது படியில் அவள் நின்றாள்.

"அந்த மனுசியை விடுங்கோ. எனக்கு மற்றதை நினைக்கத்தான் பத்தியெரியுது. வெடிமருந்து இருக்கோவெண்டு வெளியாலை துடைச்சு மிசினிலை வைச்சுப் பாக்கிற துணி அண்டைக்கும் என்ரை கைக்குப் பக்கத்திலை கிடந்தது. வரிசை நீளமெண்டு திறந்தனான். திறக்கிறது கெதி. எங்களுக்குப் படிப்பிச்ச புத்தகத்திலை தண்ணிப் போத்திலுக்கு முப்பது பக்கம்! ஷாம்புக்குப் பன்ரெண்டு பக்கம்! கட்டி வைச்சிருக்கிற சாமியை எப்பிடிப் பாக்கிறதெண்டு ஒரு வரி? ஒரு வரி?"

"இல்லையோ?"

"இல்லை!"

லண்டனுக்கு வந்த அடுத்த நாளே கொம்பனிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். ஆறு பக்கம். ஓவியா ஆங்கிலத்தைத் திருத்தி, "அம்மா, 'வெட்கமில்லையோ' எண்டதை எடுத்துவிடட்டோ?" என்று கேட்டாள். எடுக்க விடவில்லை. பதில் இன்னும் வரவில்லை. பதில் வராததைப் பற்றி இரண்டாவது கடிதமும் போய்விட்டது.

மூன்று கிழமை கழித்து, வெள்ளிக்கிழமைக் காலை, நீண்ட வரிசை. ஒரு இளைஞன் வந்தான். நல்ல உயரம், காதில் போன், கழுத்தில் தோலில் தைத்த சின்னப் பை, பழையது, கறுத்துப்போனது. அதைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுப் போனில் கதைத்தபடியே உலோகச் சோதனை வாசலைக் கடந்தான். கதிர்ப் படத்தில் பைக்குள் ஏதோ தெரிந்தது. தட்டு தவநாயகியின் பக்கம் ஒதுங்கியது.

சூப்பர்வைசர் ஜெராட், கிளறிற்றாவின் ஒன்றுவிட்ட தம்பி, பின்னால் வந்து நின்றான். "கெதியாத் திறவுங்கோ அக்கா, வரிசை நிக்குது."

தவநாயகி துணியை எடுத்தாள். பையின் முன்பக்கம், பின்பக்கம், தையல், வார் எல்லாம் துடைத்து, துணியை மிசினில் வைத்தாள். மிசின் பச்சை காட்டியது.

"திறக்கேல்லையோ?"

"மிசின் பச்சை. அதுக்கு மேலையும் பாக்க வேணுமெண்டால் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, அவரே திறக்கட்டும், நான் நிண்டு பாக்கிறன். பிறத்தியாரின்ரை முடிச்சிலை இனி நான் கைவைக்க மாட்டன்."

"அக்கா, புத்தகத்திலை அப்பிடி இல்லை."

"அப்ப புத்தகத்தைத் திருத்து!"

பெல்ட் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. மின்சாரத்தில் ஏதோ கோளாறு என்று பிறகு எழுதி வைத்தார்கள். ஜெராட் படத்தை இன்னொருமுறை பார்த்தான், பச்சையைப் பார்த்தான், கிளறிற்றாவைப் பார்த்தான். கிளறிற்றா வேறு பக்கம் பார்த்தாள். அவன் போய்விட்டான்.

இளைஞன் தட்டுக்குள் கையை விட வந்தான். தட்டில் பை இல்லை. தவநாயகி கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"கையில் வாங்கு," என்றாள் ஆங்கிலத்தில்.

அவன் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் பையைப் பிடுங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவளுடைய முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடினான். விமானத்துக்கு லேட்டாகியிருக்கும்.

"பாத்தியோடி கிளறிற்றா," என்றாள் தவநாயகி, புதுக் கையுறையை உதறிப் போட்டபடி. "ஒரு தாங்க்ஸ்? ஒரு வாய் திறந்து, ஒரு தாங்க்ஸ்?"

அடுத்த தட்டு வந்தது. அதில் ஊறுகாய் இருந்தது.